எதிர்வீட்டுக்காரி ஓடிய மாரத்தானும் கொஞ்சமும்

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் நான், என் தையல் மிஷினோடு. எதிர்வீட்டில் அவள், அவள் கணவர், பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். கதவைத் திறந்தால் எதிரெதிராக முகம் பார்த்துக்கொள்வோம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதனால் அக்கா என்று கூப்பிடுவாள்.

ரொட்டித் தொழிற்சாலைகளில் பெரிய அடுப்புகளைப் பொருத்திக் கொடுப்பதும், அவை மக்கர் பண்ணினால் போய்ச் சரிசெய்வதும் அவள் வேலை. அடுப்பு என்றால் நம் சமையலறை அடுப்பு இல்லை. ரயில் பெட்டி நீளத்துக்கு ஒரு இரும்புச் சுரங்கம். ஒரு வாயில் மாவு உருண்டை நுழையும், நகர்கிற பட்டையில் மெல்ல ஊர்ந்து போகும், மறு வாயில் சிவந்த ரொட்டியாக வெளியே வரும். தொழிற்சாலைக்காரர்கள் அதை இங்கிலீஷில் 'அவன்' என்பார்கள். அந்த வார்த்தையால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் குடிவந்த புதிதில் அவள் வாசலில் நின்று ஃபோனில் கத்துவாள். "அவன் சூடாகலையா? கொஞ்ச நேரம் அணைச்சுப் போடுங்க. அப்பவும் சரிப்படலைன்னா சொல்லுங்க, அவனைக் கழட்டிடலாம்." உள்ளே அவள் கணவர் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பாவமாக இருக்கும். ஒரு மாதம் கழித்துத்தான் அவன் யாரென்று விளங்கியது.

கணவர் பல் செட் செய்கிறவர். மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் முன்னறையில் முகமூடி போட்டு உட்கார்ந்து, தேய்த்துத் தேய்த்துப் பல் வரிசை உண்டாக்குவார். வாய் திறந்தால் பல் தேய்க்கிற தூசி உள்ளே போகும் என்பதாலோ என்னவோ, பேச்சு குறைவு. மனைவி எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "உன் இஷ்டம்." அவள் மாதத்தில் பாதி நாள் ஊரூராகப் போய்விடுவதால் வீடு, சமையல், மகள் எல்லாம் அவர் கையில். ஒரு குறை வைத்ததில்லை.

இந்த வீட்டுக்குள் ஓட்டம் எப்படி நுழைந்தது என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு தடவை ரயில் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிளாட்பாரம் நெடுக ஓடி, கடைசிப் பெட்டியைப் பிடித்து ஏறியிருக்கிறாள். உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது எதிர் சீட்டுப் பெரியவர், "என்னம்மா, ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாராம். அப்போதுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்திருக்கிறது. மூச்சு முட்டுகிறது, தோள் வலிக்கிறது, சிரிப்பு வேறு வருகிறது. ஏன் என்று புரியவில்லை. மறுநாள் காலை அந்த ஊரில், ஹோட்டலைச் சுற்றி ஒரு தரம் ஓடிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு தரம்.

சில மாதம் கழித்து ஊரில் மாரத்தான் அறிவித்தார்கள். பேர் கொடுக்க ஃபோனைத் திறந்தால் மூன்று தூரம் காட்டியது. மகளைக் கேட்டாள்.

"எதைடி போடலாம்?"

மகள் தன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "பெருசையே போடு. எப்படியும் வீட்டுல இருக்கப் போறதில்ல" என்றாள்.

முதல் பாதி மட்டும் காதில் விழுந்ததா, இரண்டும் விழுந்தும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாளா தெரியாது. பெரிசுக்கே பேர் கொடுத்துவிட்டாள். முழு மாரத்தான், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். என்னிடம் வந்து ஓட்டக் கால்சட்டையில் ஃபோன் வைக்க ஒரு பாக்கெட் தைத்துத் தரச் சொன்னாள். "இவ்ளோ தூரம் ஏன் ஓடணும், பஸ் இல்லையா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்குக்கா" என்றாள்.

பயிற்சி தொடங்கியதும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பூங்காவில் ஓடுகிற கூட்டத்துக்குத் தலைவராக ஒருவர் இருந்தார், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் பேரும் விசில்தான். அவர், வெறும் வயிற்றில் ஓடு என்றார். ஃபோனில் இருந்த செயலி, சாப்பிட்டுவிட்டு ஓடு என்றது. அவள் ஆபீஸில் ஏற்கனவே ஓடி முடித்த ஒருவர், "மெதுவா ஓடினாத்தான் வேகம் வரும்" என்றார். முழங்கால் வலித்தபோது எலும்பு டாக்டர், பத்து நாள் ஓடாமல் அந்தக் காலை மடியில் வைத்துத் தாலாட்டுங்கள் என்றார். விசிலோ, "வலியா? ஓட ஓடப் போயிடும்" என்றார். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள். ஒரு நாள் சாப்பிட்டு ஓடினாள், ஒரு நாள் சாப்பிடாமல் ஓடினாள். இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வலித்தது.

பயணம் வேறு எதையும் நிலையாக இருக்கவிடவில்லை. ஒரு வாரம் மலையூர், மறுவாரம் கடலோரம். ஹோட்டல் அறைகள் மட்டும் எங்கும் ஒன்றுபோல: அதே வெள்ளைப் படுக்கை, ஜன்னலுக்கு அதே கனத்த திரை, கழிவறை விளக்கின் சுவிட்ச் மட்டும் ஊருக்கு ஒரு பக்கம். ஓர் ஊரில் விடாமல் மழை. பயிற்சியை விடவும் மனசில்லை. ஹோட்டல் நடைபாதையிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓட ஆரம்பித்தாள். படுக்கைத் துணி மாற்ற வந்த அம்மா வண்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பதறிப்போய்க் கேட்டாளாம்.

"ஏம்மா, யாராவது தொரத்துறாங்களா?"

"இல்லைங்க. சும்மா ஓடுறேன்."

"சும்மா யாராவது ஓடுவாங்களா?"

நின்றாள். நின்றால் அந்த அம்மா தன் முகத்தையே பார்ப்பது சங்கடமாக இருந்தது, மறுபடி ஓடினாள். அடுத்த முறை கடக்கும்போது அந்த அம்மா அவள் கையில் ஒரு துண்டைத் திணித்துவிட்டு, "எதுக்கும் ரிசப்ஷன்ல சொல்லி வைக்கிறேன்" என்று போய்விட்டாளாம். இதைச் சொல்லி எங்கள் வாசலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "நெஜமாவே சும்மாதானேக்கா ஓடுறேன்?" என்று கேட்டாள். நான் ஊசியில் நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் தடுமாற்றம்தான். ஒரு முறை அவள் ஊரில் இல்லாதபோது அப்பாவும் மகளும் சேர்ந்து கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அலமாரியைக் கதவோரம் வைத்திருந்தார்கள். வெளிச்சம் நன்றாக வருகிறதாம். இவள் திரும்பி வந்து அசந்து தூங்கினாள். காலையில் கணவர் டீ கொண்டுவந்து தலைமாட்டில் நின்றார். அவள் அரைக்கண்ணைத் திறந்து, "அங்க வச்சிட்டுப் போங்க. ரொம்ப நன்றி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு ரூம் சுத்தம் பண்ண வேண்டாம்" என்று வேறு சேர்த்தாள்.

மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு 'கெஸ்ட்' என்று பேர் வைத்துவிட்டாள். "கெஸ்ட் எப்ப வர்றாங்க, கெஸ்டுக்கு முட்டை இருக்கா" என்றுதான் பேச்சு. கணவர் சிரிக்கவில்லை. டீயை வைத்தார், போனார். அவர் வருத்தப்பட்டாரா, இல்லை அவருக்கு உள்ளூரச் சிரிப்பாக இருந்ததா? இதைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வாரம் போயிற்று, கண்டுபிடிக்கவும் இல்லை.

"ஓடப் போறேன்னா 'உன் இஷ்டம்'ங்கிறார். போகலைன்னாலும் 'உன் இஷ்டம்'ங்கிறார். இது சரின்னு அர்த்தமா, சனியன் தொலையட்டும்னு அர்த்தமா?" என்று என்னைக் கேட்டாள்.

"நேரா கேளேன்."

"கேட்டேன்க்கா. கோவமான்னு கேட்டேன். 'உன் இஷ்டம்னா உன் இஷ்டம்தான்'னார்."

நானும் அவரைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். அந்த மனிதர் முகமூடிக்குப் பின்னால் என்ன முகம் வைத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியாது.

மகளிடம் நிலைமை இன்னும் சிக்கல். ஒரு நாள் அவள் அம்மாவிடம் கேட்டது என் வீடு வரை கேட்டது.

"இந்த ஞாயித்துக்கிழமை இருப்பியா?"

"இருப்பேனே."

"வீட்டுலயா, ஊர்லயா?"

அந்த ஞாயிறு அவள் ஊரில்தான் இருந்தாள். விடிவதற்கு முன்னால் கிளம்பி ஆற்றோரம் நெடுந்தூரம் ஓடி, உச்சி வெயிலில் வந்து, குளித்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். மகள் இரண்டு மூன்று தரம் அறை வாசலில் வந்து நின்றாளாம். அது பின்னால் தெரிந்தது.

அடுத்த சில நாளில் படிக்கட்டில் அவளைப் பார்த்தபோது நான் நல்லபடியாகத்தான் கேட்டேன்: "பொண்ணு உயிரியலை விட்டுட்டு ஓவியம் எடுத்துட்டாளாமே? படம் நல்லா வரும் அவளுக்கு."

அவள் ஒரு படியில் ஒரு கால், மறு படியில் ஒரு கால் என்று அப்படியே நின்றாள். "யார் சொன்னா?"

"அவளேதான் சொன்னா. உனக்கு..."

"எனக்கு யாரும் சொல்லலையே."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பயன்? அவள் விறுவிறுவென்று மேலே போனாள். கதவு திறந்தே இருந்தது. கணவர் சொன்னார், "சொன்னேனே. ஃபோன்ல சொன்னேன். நீயும் சரின்னியே."

"நானா? நான் எப்ப சரின்னேன்?"

"நான் பள்ளிக்கூடத்துலேர்ந்துதான் பேசினேன். டீச்சர் எதிர்ல நின்னாங்க. நீ, 'சரி, சரி, பயப்படாதீங்க, மெல்லத் தொடைச்சுப் பாருங்க'ன்னே."

அவளுக்கு இரண்டு ஃபோன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆபீஸுக்கு. இடது காதில் கணவர், வலது காதில் அடுப்பு. மகளின் படிப்பு மாறியதும் அடுப்புக்குள் நெருப்பைப் பார்க்கிற சென்சார் கண் துடைக்கப்பட்டதும் ஒரே 'சரி'யில் முடிந்திருக்கிறது. பயப்படாதீங்க என்பதைக் கேட்டு, எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள் என்று கணவர் நிம்மதிகூட அடைந்தாராம்.

அன்று சாயங்காலம் அவள் மகளிடம் போய், "நான் ஓட்டத்தை விட்டுடறேன்டி. போதும்" என்றாள். மகள் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

மகள் சுள்ளென்று விழுந்தாள். "என்னைச் சாக்கு வச்சு விடாதே. அப்புறம் என்னாலதான் விட்டேன்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவே."

"அப்ப ஓடட்டுமா?"

"நான் ஓடவும் சொல்லல."

கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும், தெரியும். என் இஷ்டம்" என்றாள்.

அவள் விடவில்லை. விடாததற்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. காலையில் எழுந்தால் கால் தானாக ஷூவைத் தேடியது என்றாள்.

மாரத்தான் நாள் வந்தது. பாதி மாரத்தான்காரர்களும் முழு மாரத்தான்காரர்களும் விளையாட்டு மைதானத்திலிருந்து ஒன்றாகவே புறப்படுவார்கள். பாதிக்கு நீல எண், முழுசுக்குச் சிவப்பு எண். ஊரைச் சுற்றிவந்து ஒரு ரவுண்டானாவில் பிரிவார்கள். நீலம் நேரே மைதானத்துக்குத் திரும்பிவிடும். சிவப்பு இடது பக்கம் திரும்பிப் பாலத்தைத் தாண்டி, ஆற்றின் அக்கரையில் இன்னொரு பாதியை ஓடிவிட்டு வர வேண்டும். அப்பாவும் மகளும் பாலத்தின் அக்கரை முனையில் நிற்பதாக ஏற்பாடு. மகள் வருவாளா என்பதே கடைசிவரை நிச்சயமில்லை. காலையில் எழுந்து ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாளாம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. காதில் பாட்டு, காற்றும் குளுமை. இரண்டு மணி நேரத்தை நெருங்கும்போது பாட்டு நின்று, ஃபோன் மணி அடித்தது. ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆபீஸ் எண்ணை அன்றைக்கு மட்டும் வீட்டு ஃபோனுக்குத் திருப்பிவிட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பழக்க தோஷம் என்றாள்.

"மேடம், அவன் பத்த மாட்டேங்குது! உள்ள முழுக்க ரொட்டி நிக்குது!"

"பதறாதீங்க. பட்டையை நிறுத்தாதீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க." ஓடிக்கொண்டே பேசினாள். பக்கத்தில் ஓடுகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "மூணாவது பர்னர் மூடியைக் கழட்டுங்க. உள்ள சின்னக் கண்ணாடிக் கண் மாதிரி ஒண்ணு இருக்கும். கறுப்பா இருக்கா?"

"புகை படிஞ்சிருக்கு மேடம்."

"அதேதான். நெருப்பு எரியுதான்னு பாக்குற கண்ணு அது. அதுக்குக் கண்ணு தெரியலை, அதான் கேஸை மூடிடுது. காஞ்ச துணியால தொடைங்க. ஈரத்துணி வேண்டாம்."

அங்கே துடைத்தார்கள். பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னாள். குபுக்கென்று பற்றிக்கொண்ட சத்தமும், ஆட்கள் போட்ட கூச்சலும் காதில் கேட்டன. அதே நேரம் வெளியிலும் கூச்சல் கேட்டது, கைதட்டல், மேளம். ஒரு பெண் குறுக்கே வந்து அவள் கழுத்தில் எதையோ மாட்டினாள். கையில் ஒரு வாழைப்பழம். தலைக்கு மேலே பெரிய காற்றடைத்த வளைவு. அவள் மைதானத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், எரியுது மேடம்! ரொம்ப தேங்க்ஸ்!" என்றது காது.

கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். பதக்கம். ரவுண்டானா எங்கே வந்தது, இடது பக்கம் எப்போது திரும்பியிருக்க வேண்டும், ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. மந்தையோடு மந்தையாக நேரே வந்திருக்கிறாள்.

உடனே கணவர் அழைத்தார்.

"எங்க இருக்கே? இன்னும் காணோமே."

"மைதானத்துல. முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு?"

"தெரியலைங்க. மெடல் போட்டுட்டாங்க."

"அதுக்குள்ளயா?"

"வழி மாறிட்டேன்போல. பாதி ஓடுறவங்க கூட வந்துட்டேன். இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நீ..." என்று அவர் ஆரம்பித்தார். ஃபோன் செத்துப்போயிற்று.

மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் போனாள். அவர் அவள் நெஞ்சிலிருந்த எண்ணைப் பார்த்தார். "சிவப்பா? அப்ப நீங்க முழுசு. நீங்க இங்க வரக்கூடாதேம்மா."

"வந்துட்டேனே சார்."

"சரி, பாதின்னு போட்டுக்கவா?"

"நான் பாதிக்குப் பேர் குடுக்கலையே."

"முழுசும் ஓடலையே."

"ஆமா."

அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒதுங்கிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதிதானாம். அப்பாடா, தொலைந்தது, வீட்டுக்குப் போகலாம், குளிக்கலாம். பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். பாதி பழத்தில் அழுகை வந்தது. அழ என்ன இருக்கிறது என்று தோன்றி நிறுத்தினாள். அப்போதுதான் பாலத்து முனையில் இரண்டு பேர் நிற்பது நினைவுக்கு வந்தது. ஃபோன் இல்லை. போய்க் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். "சத்தியமாக்கா, ஓட நெனச்சு எழுந்திரிக்கலை. கூட்டிட்டு வரத்தான் போனேன்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

வந்த வழியே திரும்பி நடந்தாள். எதிரே வருகிற நீல எண்காரர்கள் எல்லாரும் பதறினார்கள். "அந்தப் பக்கம் இல்லைங்க! இந்தப் பக்கம்!" கழுத்தில் பதக்கத்தோடு ஒருத்தி தப்பான திசையில் போனால் யார்தான் பதற மாட்டார்கள்? எல்லாருக்கும் கைகூப்பிக்கொண்டே ரவுண்டானா வந்து, இடப்பக்கம் திரும்பி, பாலத்தைக் கடந்தாள்.

அங்கே மகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்கம்மா போனே?"

"தெரியலடி."

"தெரியலையா?"

"ஃபோன் வந்துச்சு. பேசிட்டே வந்தேன், வேற எங்கயோ போயிட்டேன். அப்பா எங்கே?"

"உன்னைத் தேடி மைதானத்துக்குப் போயிட்டார். ஒருவேளை நீ இங்க வந்தாலும் வருவேன்னு என்னை அசையாம நிக்கச் சொன்னார்."

அவள், "சரி வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

மகள் நகரவில்லை. அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். "அது உன்னோடது இல்லையே. கழட்டு."

கழற்றி மகள் கையில் கொடுத்தாள்.

"இப்ப ஓடு" என்றாள் மகள்.

"எதுக்குடி? கணக்குலயே வராதாம்."

"எதுக்குன்னு எனக்கென்ன தெரியும்? நீதானே இத்தனை மாசமா ஓடுறே."

அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் ஓடத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். மகள் ஃபோனில் அப்பாவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மைதானத்திலிருந்து பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் இவள் அக்கரையில் கண்மறைந்துவிட்டாள்.

அக்கரையில் கூட்டமே இல்லை. தண்ணீர் மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடக்கிய மேஜையை மறுபடி விரித்து ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். சாலையைத் திறந்துவிட்டதால் ஓரமாக, கடைகளுக்கு முன்னால், ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்று சொல்கிறோம், பாதி நேரம் நடைதான். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்கிற வேன் ஒன்று அவள் பக்கத்தில் ஊர்ந்து வந்தது.

"ஏறிக்குங்கம்மா. நீங்கதான் கடைசி" என்றார் ஓட்டுநர்.

"ஏறுறேன். அந்த வளைவு தாண்டி ஏறுறேன்."

வளைவு தாண்டியதும் அவர் கதவைத் திறந்தார். "அந்த மரம் வரைக்கும்" என்றாள். மரம் வந்தது. அப்புறம் பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டினாள். ஓட்டுநர் பெருமூச்சுவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். ஏறலாமா வேண்டாமா என்று அவளுக்குக் கடைசிவரை முடிவாகவில்லை. முடிவாவதற்குள் மைதானம் வந்துவிட்டது.

காற்றடைத்த வளைவு படுத்துக்கிடந்தது. இரண்டு பேர் அதன் மேல் உட்கார்ந்து மிச்சக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பாவும் மகளும் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். மகள் எழுந்து கைதட்டினாள். தான் மட்டும் தட்டுவது கூச்சமாக இருந்ததோ என்னவோ, உடனே நிறுத்திவிட்டாள். கணவர் வந்து அவள் கையைப் பிடித்தார். அவர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது. பாலத்துக்கும் மைதானத்துக்குமாக அவரும் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறார்.

"ஃபோன் கட்டாகுறதுக்கு முன்னாடி என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டாள்.

"எப்போ?"

"என்ன பண்ணட்டும்னு கேட்டேனே."

"நீ ஏதாவது சாப்பிட்டியான்னு கேக்க வந்தேன்னு நெனைக்கிறேன். சரியா ஞாபகம் இல்ல."

மறுநாள் முடிவுகளில் அவள் எண்ணுக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருந்தது. மகள் அதைப் படித்துவிட்டுக் கோபத்தில் மாரத்தான் நடத்துகிறவர்களுக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தாள். முழுசுக்கு மேல் கூடவே ஓடிய ஆளை முடிக்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவள் வாதம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்றார்களாம். கொடுத்துவிட்டாள். முடித்தாளா இல்லையா என்று எங்கள் மாடியில் ஒரு வாரம் வழக்கு நடந்தது. நான் முடித்தாள் கட்சி. அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

அதே வாரம் புதன்கிழமை காலை படிக்கட்டில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கமாக இறங்கினால் தொடை உயிர் போகிறதாம். இரண்டு படி கீழே அவள் கருவிப் பையைச் சுமந்துகொண்டு கணவர், குளித்து, சட்டை மாற்றி, வெளியூர் போகிற கோலத்தில்.

"எங்கடி இந்தக் கோலத்துல?"

"ரொட்டி ஃபாக்டரிக்குக்கா. அன்னைக்கு ஃபோன்ல சரிபண்ணதை நேர்ல பார்க்கச் சொல்றாங்க."

"இவரு?"

"இவரும் வர்றாராம்."

"எதுக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "எனக்கே தெரியலக்கா" என்றாள் அவள்.

பல் செட் வேலையை இரண்டு நாள் மூடிவைத்துவிட்டு அவர் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. மகளை என்னிடம் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வந்து என் மேஜையில் உட்கார்ந்து, மீந்த துணிகளில் வண்ணம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏன் போனார் என்று அவளுக்கும் தெரியவில்லை. "சண்டையா இருக்குமோ ஆன்ட்டி?" என்றாள். "சண்டைன்னா பையை ஏன் தூக்கிட்டுப் போறார்?" என்றேன். இரண்டு பேரும் யோசித்தோம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். கணவர் என் வீட்டு வாசலில் நின்றார். முகமூடி இல்லாமல் அவரை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். அவராகவே பேசினார்.

"ஒரே சத்தங்க அங்க. பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. இவ கையால சைகை காட்டுறா, உடனே நாலு பேர் நாலு பக்கம் ஓடுறாங்க. எனக்கும் எதையோ காட்டினா. நகருன்னாளா, கிட்ட வான்னாளான்னு புரியல. அப்படியே நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவளே வந்து கையைப் பிடிச்சு ஓரமா நிறுத்திட்டுப் போனா. சூடு அங்க கம்மி."

அடுத்த வருஷத்து மாரத்தானுக்குப் பேர் கொடுப்பது தொடங்கிவிட்டது. எதிர்வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதாகத் தெரியவில்லை. காலையில் கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. சில நாள் ஒரு ஜோடி கால் இறங்குகிறது, சில நாள் இரண்டு ஜோடி. இரண்டாவது யாருடையது என்று எழுந்து போய்ப் பார்க்க என்னை இன்னும் சோம்பல் விடவில்லை.